பத்துப் பேர்

தலவாக்கலை டவுனில், பஸ் நிலையத்துக்கு எதிர்க்கடையில்
கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தது அது.
நீல முதுகு. மூன்று கண்.
"மகனுக்கா அக்கா?" என்றான் நிப்ராஸ்.
"எனக்கு."

ஒரே தடவையில் என்றால் ஐம்பத்தோராயிரத்துத் தொள்ளாயிரம்.
மாதாமாதம் என்றால் ஐயாயிரத்து நானூற்றைம்பது,
பன்னிரண்டு மாதம்.
கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினான்.
"மாசக்கட்டு லேசு அக்கா. போறதே தெரியாது."

தெரியாதா?
போன தீபாவளிக்கு வாங்கிய அட்வான்ஸ்
இந்த ஆடி வரைக்கும் சம்பளத் துண்டில்
ஒரு வரியாக உட்கார்ந்திருக்கிறது.
அந்தக் காசில் எடுத்த சேலை வெளுத்து
படங்குக்கு உள்ளே சுற்றும் துணியாகிவிட்டது.
கழிவு மட்டும் வெளுக்கவில்லை.

நான் மேற்கணக்கு.
கீழ்க்கணக்குக்குக் கட்டிக்கொண்டு போன தங்கச்சி
"ஒங்க கணக்குல குளிரு ஜாஸ்தி" என்பாள்.
எனக்குக் கணக்கும் கொஞ்சம் ஜாஸ்தி.
மனதுக்குள் கழித்தேன்:
வித்தியாசம் பதின்மூவாயிரத்து ஐந்நூறு.
நாள் சம்பளம் ஆயிரத்து முந்நூற்றைம்பதால் வகுத்தேன்.
மீதியில்லாமல் போனது.
பத்துப் பேர்.

டவுன் பையனுக்கு இது விளங்காது.
மலையில் ஒரு நாள் என்பது ஒரு பேர்.
தராசில் கிலோ குறைந்தால் அரைப்பேர்.
அட்டை ஏறிய காலோடு பத்து நாள் நிற்பேன்,
செக்ரோலில் என் பேர் பத்துத் தடவை விழும்,
பத்தும் உருண்டு வந்து
இந்தப் பெட்டிக்குக் கீழே லாச்சிக்குள் விழும்.

ஆனாலும் சரி என்றேன்.
அதற்குள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டேன், அதுதான் பிழை.

படிவம் எடுத்தான்.
பிணைக்கு ரெண்டு பேர், அரசாங்க உத்தியோகம்.
வீட்டுக்கு ஆதாரம், கரண்ட் பில் என்றாலும் போதும்.

பில் மாமனார் பேரில் வருகிறது.
அவர் செத்து எட்டு வருஷம்.
ஒரு மாதமும் பிந்தியதில்லை;
லயத்திலேயே நாணயமான மனுஷன் அவர்தான்.
நிப்ராஸ் சிரித்தான்.
சிரித்துக்கொண்டே படிவத்தை உள்ளே வைத்தான்.

ரெண்டு பேர் இல்லை என்னிடம்.
இருபத்தாறு பேர் இருந்தோம்.
ஆளுக்கு ரெண்டாயிரம், மாதம் ஒரு சீட்டு,
கொழுந்து மடுவத்தில் சில்வர் செம்புக்குள் குலுக்கல்.
முதல் சீட்டு பாக்கியசோதிக்கு, கூரைத் தகரத்துக்கு.
அடுத்தது சந்தனமேரிக்கு, மகனின் காது வைத்தியத்துக்கு.
மூன்றாவதில் நான் வந்தேன்.
"என்னத்துக்கு எடுக்குற?"
"போனுக்கு."
மடுவம் கொஞ்ச நேரம் மழையை மட்டும் கேட்டது.
சந்தனமேரிதான் வாயைத் திறந்தாள்:
"அவ சீட்டு, அவ காசு. செம்பக் கழுவி வைங்கடி."

ஐம்பத்திரண்டாயிரத்தை எண்ணி வைத்தேன்.
நூறு ரூபாய் மிச்சம் தந்தான்.
கவர் எண்ணூறாம், மேலே கண்ணாடி ஒட்ட அறுநூறாம்.
"வேணாம். விழாமப் புடிக்கத் தெரியும்."

இன்னும் இருபத்து மூன்று மாதம் கட்டக் கிடக்கிறது.
முகம் தெரிந்தவர்களுக்குத்தான்;
பிந்தினால் வட்டியில்லை,
தண்ணீர்ப் பீலியில் நாலு பேர் முன்னால் ஏச்சு உண்டு.

பில் புத்தகத்தை விரித்துப் பேர் கேட்டான்.
செக்ரோலில் நான் புஸ்பா, சில நாள் வெறும் இலக்கம்.
"வீரமலை புஷ்பகாந்தி" என்றேன்.
"புஷ்பான்னு போடவா அக்கா? எடம் பத்தாது."
"அரைப்பேர் வேணாம் தம்பி.
பத்தலன்னா அடுத்த வரியில எழுது."

எழுதினான். அடுத்த வரிக்கும் போனது.

நூறு ரூபாயை ரீலோடுக்கே கொடுத்துவிட்டு
பஸ் காசில்லாமல் ஏறி நடந்தேன்.
மேற்கணக்கில் சிக்னல்
பிள்ளைமடுவத்துக்கு மேலே அந்தப் பாறையில் மட்டும்தான்.
அதுவரைக்கும் அது சும்மா ஒரு பாரம்,
ஸ்வெட்டருக்குள்ளே,
லேசான சூட்டோடு.